கனம் கேப்டனும் 'எல்' என்னும் எழுத்தும்

மனித குலத்தை இதுவரை வாட்டிய கேள்விகளுள் தலையாயது எது? கடவுள் உண்டா என்பதா? அதை எங்கள் பாதிரியார் ஆர்பத்னட் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், பதினெட்டு நிமிடத்தில் தீர்த்து வைத்துவிட்டார். ஸ்காட்லாந்து தனி நாடாகலாமா என்பதா? அதைப் பற்றி உள்ளே பேசக் கூடாது என்று எங்கள் கிளப்பின் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறோம். ஆகவே அதுவும் தீர்ந்துவிட்டது. ஆனால், எழுபத்து மூன்று வயதான ஒரு கேப்டனின் டிரைவருக்கு எத்தனை கிராம் எடையில், எவ்வளவு விறைப்பில் தண்டு பொருத்துவது என்ற கேள்வி இருக்கிறதே, அதுதான் கேள்வி. அதற்கு விடை காண எங்களுக்கு நான்கு மாதமும் ஏழு கூட்டமும் கணக்கில்லாத வெண்ணெய் ரொட்டிகளும் தேவைப்பட்டன.

நான் டிரம்கார்டி கோல்ஃப் கிளப்பின் செயலாளர். பெயர் கில்லிஸ். பத்தொன்பது வருடங்களாகக் கூட்டக் குறிப்புகள் முழுக்க என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. எனவே கீழே வருவதில் ஒரு சொல்கூட மிகையில்லை. எதுவாவது மிகையாகத் தோன்றினால், அது தீர்மானமாக நிறைவேறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுபவரை நினைத்துக்கொள்கிறவர்கள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்காகச் சொல்கிறேன். பையிலிருக்கும் மட்டைகளிலேயே நீளமானது டிரைவர். முதல் அடி அதில்தான். அதற்குத் தலை ஒன்று, தண்டு ஒன்று. நல்ல டிரைவருக்குத் தலைக்கனம் வேண்டும். கேப்டனுக்கும் அப்படியே என்பது எங்கள் கிளப்பின் கொள்கை. தண்டில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். வேகமாக வீசுகிறவனுக்குக் கனமான, விறைப்பான தண்டு. மெதுவாக வீசுகிறவனுக்கு லேசான, வளைகிற தண்டு. எவ்வளவு விறைப்பு என்பதைக் காட்ட, தண்டின் மேல் ஓர் ஆங்கில எழுத்து அச்சிட்டிருப்பார்கள். எக்ஸ் என்றால் மகா விறைப்பு. எஸ், விறைப்பு. ஆர், சாதாரணம். ஏ, முதியோருக்கு. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசிப் படியில், எல். அதாவது லேடீஸ்.

வேடிக்கை என்னவென்றால், எந்த எழுத்துக்கு எவ்வளவு வளைவு என்பதற்கு உலகத்தில் பொது அளவு ஒன்றும் கிடையாது. ஒரு கம்பெனியின் எஸ், இன்னொரு கம்பெனியின் ஆர். அதனால் என்ன? எங்கள் உறுப்பினர்கள் காரிலிருந்து பையை இறக்கும்போது எழுத்து வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைப்பார்கள். ஆர் போட்ட தண்டுக்கு மட்டும் எப்போதும் உறை மாட்டியிருக்கும்.

அந்த வருடம் கேப்டனாகத் தேர்வானவர் கனம் அலாஸ்டெர் பிட்கெய்த்லி. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 'வலிக்காது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் கௌரவமாகப் பிழைத்தவர். குறிப்புகளில் கேப்டனைக் 'கனம்' என்று எழுதுவது வழக்கம். கனம் எத்தனை கிராம் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

புதிய கேப்டன் பதவி ஏற்பது எப்படி? கையெழுத்துப் போட்டா? பிரமாணம் எடுத்தா? அதெல்லாம் அரசியல்வாதிகளுக்கு. எங்கள் கேப்டன் ஏப்ரல் முதல் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, மொத்த கிளப்பும் பார்த்து நிற்க, ஆட்டம் தொடங்கும் முதல் மேட்டிலிருந்து ஒரே ஒரு பந்து அடிப்பார். அடிக்கிற நொடியில் பீரங்கி முழங்கும். பந்து நூற்று முப்பத்தைந்து கெஜத்தில் குறுக்கே ஓடும் ஓடையைத் தாண்டினால் அவர் கேப்டன். ஓடையில் விழுந்தாலும் கேப்டன்தான். ஆனால் வருடம் முழுக்க அவர் முகத்தை யாரும் நேராகப் பார்க்கமாட்டோம். அப்படி விழுந்த ஒருவர் வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயினுக்கே போய்விட்டார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினால் இன்றுவரை பதில் இல்லை.

ஜனவரி மாதம், மழை படுக்கைவாட்டில் பெய்துகொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், பிட்கெய்த்லி என்னையும் இழுத்துக்கொண்டு பயிற்சிக் கொட்டகைக்குப் போனார். அங்கே எங்கள் புதிய பயிற்சியாளர் ரோனா டல்கிலீஷ் இருந்தார். முப்பத்தாறு வயது. ஆறு கிளப்புகளில் 'உதவி' என்ற பெயரிலேயே காலம் தள்ளிவிட்டு, முதல் தடவையாக ஒரு கிளப்புக்குத் தானே பயிற்சியாளராக வந்தவர். கடைக்கு மேலே உள்ள இரண்டு அறை வீடும் வேலையோடு சேர்ந்தது. மே மாதக் கூட்டத்தில் வேலையை நிரந்தரமாக்குவதாக ஏற்பாடு, அதுவரை 'பரிசீலனை'. வந்த அன்றே அவர் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டிவிட்டார். பரிசீலனையில் இருக்கிறவர் திரைச்சீலை மாட்டலாமா என்று குழுவில் ஒரு பேச்சு வந்தது.

"இந்தத் தண்ட உங்களுக்கு யாருங்க பாத்துக் கொடுத்தது?" என்றார் ரோனா, பிட்கெய்த்லியின் டிரைவரைக் கையில் வாங்கி.

"யாரும் கொடுக்கல. நானே பாத்து எடுத்தேன். எழுபத்து நாலு கிராம், எக்ஸ். டிவில சாம்பியன் ஒருத்தன் ஆடுறானே, அதே தண்டு."

"அவருக்கு வயசு இருபத்தாறுங்க."

"அதனால என்ன? தண்டுக்கு என் வயசு தெரியுமா?"

"மூணு அடி அடிச்சா கண்டுபிடிச்சிடும்."

அடித்தார். பந்துக்குப் பின்னால் தரையில் ஒரு சின்னப் பெட்டி. வீசுகிற வேகத்தை அதுவே அளந்து காட்டும். மூன்று அடியும் வலது பக்கம் ஒதுங்கி, நூற்றுப் பத்து கெஜத்தைச் சுற்றியே விழுந்தன. பெட்டியில் மூன்று தடவையும் ஒரே எண் வந்தது. மணிக்கு எழுபத்தொரு மைல்.

"மெஷின் இன்னும் சூடாகல போல," என்றார் பிட்கெய்த்லி.

"காலைலேர்ந்து ஓடிட்டுதான் இருக்குங்க."

"எங்க வாங்கினது?"

"அபர்டீன்ல."

"அதானே பாத்தேன்! அபர்டீன்காரன் என்னிக்கு எதை முழுசா கொடுத்திருக்கான்? எழுதிக்கோ கில்லிஸ்."

எழுதிக்கொண்டேன். ரோனாவும் அபர்டீன்காரர்தான் என்பது எழுதி முடித்த பிறகு நினைவுக்கு வந்தது. அவரும் எழுதிக்கொண்டிருந்தார், நீல அட்டை போட்ட ஒரு நீளமான பதிவேட்டில், பெயர், தேதி, வேகம் எழுபத்தொன்று என்று மையால் எழுதினார்.

"இவ்வளவு கனத்தத் தூக்கி வீசுறதுலயே உங்க தெம்பெல்லாம் போயிடுது," என்றார். "பந்துக்குக் கொடுக்க மிச்சம் இல்ல. லேசா, நல்லா வளையுற தண்டு வேணும்."

"ஆர்-ஆ?" பிட்கெய்த்லியின் குரல் இறங்கியது.

"இல்லைங்க."

"ஏ-யா?" இப்போது உதடு மட்டும்தான் அசைந்தது.

"ஏ கூட உங்களுக்குக் கொஞ்சம் விறைப்பு. நாப்பத்தஞ்சு கிராம், எல்."

பிட்கெய்த்லி பின்னால் கையை நீட்டி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். நாற்பது வருடம் அடுத்தவரை உட்கார வைத்தவர் அப்படி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு அடி அடிச்சுப் பாருங்க," என்றார் ரோனா. "வலிக்காது."

பழைய தண்டைத் திருகிக் கழற்றிவிட்டு, புதியதைத் திருகி மாட்டிக் கொடுத்தார். பிட்கெய்த்லி கண்ணை மூடிக்கொண்டுதான் வீசினார் என்று நினைக்கிறேன். 'டங்' என்று ஒரு சத்தம். நூற்று நாற்பத்தாறு கெஜம், நேர்கோட்டில். அப்புறம் இன்னொன்று, நூற்று நாற்பத்தெட்டு. மூன்றாவதில் மனிதர் வாய்விட்டுக் கத்தியே விட்டார். ஓடையின் தூரத்தைத் தாண்டிவிட்டது, ஸ்பெயின் பயம் போயிற்று. சந்தோஷத்தில் தண்டை முத்தமிடப் போனவர், பாதி வழியில் நின்றுவிட்டார்.

"இது என்ன கலர்?"

இளம் ஊதா. அதில் சின்னச் சின்னப் பூக்கள் வேறு.

"எல் தண்டெல்லாம் இந்தக் கலர்லதாங்க வருது. வேற கலர் கம்பெனில செய்யல."

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடியது. குழுவில் ஐந்து பேர். பிட்கெய்த்லி, பாதிரியார் ஆர்பத்னட், உருளைக்கிழங்குப் பண்ணை வைத்திருக்கும் டூகல் மெல்ட்ரம், எதைச் சொன்னாலும் கண்ணைத் திறக்காமல் "ஆமோதிக்கிறேன்" என்று சொல்லும் பொருளாளர், நான். இவர்களைத் தவிர, பெண்கள் பிரிவின் தலைவி திருமதி ஜெஸ்மா ஃபால்கனர். எழுபத்தெட்டு வயது. அவர் 'பார்வையாளர்'. எங்கள் கிளப் முற்போக்கானது. பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஓட்டுப் போடுகிற சிரமத்தை மட்டும் அவர்களுக்குக் கொடுப்பதில்லை. ரோனாவை 'நிபுணர்' என்ற முறையில் அழைத்து, நிற்க வைத்திருந்தோம்.

"எனக்குத் தண்டுல பிரச்சினை இல்ல," என்று தொடங்கினார் பிட்கெய்த்லி. "தண்டு பிரமாதம். எழுத்துதான் பிரச்சினை. அந்த எழுத்துக்கு அர்த்தம் என்னன்னு யார் முடிவு பண்ணது?"

எல்லாரும் ரோனாவைப் பார்த்தோம்.

"கம்பெனிக்காரங்கதான். இதுக்குன்னு உலகத்துல பொதுவா ஒரு அளவு கிடையாதுங்க. ஒவ்வொருத்தரும்..."

"அப்ப நாமளே வெச்சுக்கலாம்னு சொல்றீங்க!"

"நான் அப்படிச் சொல்லலைங்க..."

"எழுதிக்கோ கில்லிஸ். நிபுணர் ஒப்புதல்."

எழுதிக்கொண்டேன். விவாதம் தொடங்கியது. பாதிரியார்தான் முதலில் எழுந்தார். "ரோமன் எண்ல எல்-னா அம்பது. நம்ம கேப்டன் அம்பது வருஷமா ஆடுறாரு. இதுல தெய்வ சங்கல்பம் இருக்கு."

"எல்-னா 'லார்ஜ்'யா," என்றார் மெல்ட்ரம். "என் டவுசர்ல கூட அப்படித்தான் போட்டிருக்கு."

"டவுசர் எழுத்த டிரைவர்ல போடுறதா? என்னய்யா பேசுற நீ?" என்றார் பிட்கெய்த்லி. பிறகு நாற்காலியில் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "லெய்ர்ட்."

லெய்ர்ட் என்றால் எங்கள் பக்கத்தில் பண்ணையார். கோட்டையும் நிலமும் காடும் உள்ளவர். நாங்கள் யாரும் லெய்ர்ட் இல்லை. ஆகிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: 'டிரம்கார்டி கிளப்பின் எல்லைக்குள், முதல் மேடு தொடங்கி கார் நிறுத்துமிடம் முடிய, எல் என்பது லெய்ர்ட் என்றே பொருள்படும். அது எழுத்துகளில் முதன்மையானது. மற்ற எழுத்துகள் அதற்குக் கீழே தத்தம் தகுதிக்கேற்ப அமையும். மேற்படி தண்டின் நிறம் ஊதா அன்று; மலைச்சரிவில் பூக்கும் ஹெதர்ப் பூவின் நிறமாகும்; எனவே தேசிய நிறமாகும்.'

"ஆமோதிக்கிறேன்," என்றார் பொருளாளர்.

பின்வரிசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஜெஸ்மா ஃபால்கனர் ஊசியை நிறுத்தினார். "அப்ப நாங்க பொம்பளைங்க எல்லாம் நாப்பது வருஷமா லெய்ர்ட் தண்டுலயா ஆடிட்டிருக்கோம்?"

இது தர்மசங்கடமான கேள்வி. கால் மணி நேரம் ஆலோசித்து, பெண்களிடம் ஏற்கெனவே உள்ள எல் தண்டுகளை அவர்கள் 'தற்காலிக அனுமதி'யின் பேரில் வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு தீர்மானம் போட்டோம். ஆண்டுதோறும் செயலாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

"உங்க பெருந்தன்மை யாருக்குப்பா வரும்!" என்று சொல்லிவிட்டு ஜெஸ்மா மறுபடியும் பின்னத் தொடங்கினார்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை. கடல் பனி விலகியது, பீரங்கி முழங்கியது, கேப்டன் வீசினார். பந்து ஓடையைத் தாண்டி, அக்கரைப் புல்லில் விழுந்து, நின்று, ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. தொப்பிகள் பறந்தன. பாதிரியார் அழுதே விட்டார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஓடிவந்து, "இந்த வயசுல இப்படி ஒரு அடி! ரகசியம் என்ன சார்?" என்று கேட்டார்.

"குணம்," என்றார் கனம் கேப்டன். "அப்புறம் லெய்ர்ட் தண்டு."

நான் கூட்டத்தில் ரோனாவைத் தேடினேன். பீரங்கிக்குப் பின்னால் நின்று, கையை இறுக மூடிக்கொண்டிருந்தார். பந்து விழுந்ததும் விரல்களைப் பிரித்தார். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தப் பெண்ணின் வேலை உறுதி, திரைச்சீலை வீண்போகாது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும் முன்பே வாசலில் நாற்பத்து மூன்று ஆண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் எல் வேண்டும். நேற்றுவரை ஆர் தண்டுக்கு உறை மாட்டியவர்கள், ஏ என்றால் எரிந்து விழுந்தவர்கள், "எனக்கு ஹெதர்க் கலர்லயே பாத்துக் கொடும்மா" என்று கொஞ்சினார்கள். ரோனா ஒவ்வொருவரையும் வீசச் சொல்லி அளந்தார், நீலப் பதிவேட்டில் எழுதினார். நாற்பத்து மூன்று பேரில் ஆறு பேருக்குத்தான் எல் கொடுத்தார்.

டூகல் மெல்ட்ரம் வீசியபோது கொட்டகையே ஆடியது. உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிய கை. வேகம் நூற்று எட்டு.

"உங்களுக்கு எக்ஸ்தாங்க. எழுபது கிராம். உங்க கை வேகத்துக்கு எல் தாங்காது. தண்டு வளைஞ்சு, தலை முந்திக்கும். பந்து இடது பக்கம் பறந்துடும். இடது பக்கம் என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

மைதானத்தின் இடது ஓரச் சுவருக்கு அந்தப் பக்கம் கேரவன் முகாம். கிளாஸ்கோவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தங்குவார்கள்.

"அந்தப் பல்லுப் புடுங்குறவன் லெய்ர்ட், நான் மட்டும் எக்ஸா?" மெல்ட்ரமின் கழுத்து சிவந்தது. "குழு உறுப்பினருக்கே இல்லைன்னா என்ன அர்த்தம்? பொண்ணு, நீ யாருன்னு நெனச்சுப் பேசுற?"

"நூத்தி எட்டு மைல் வேகத்துல வீசுறவர்னு நெனச்சுத்தாங்க பேசுறேன். இந்த கிளப்லயே இது பெரிய நம்பர். நீங்க பெருமைப்படணும்."

மெல்ட்ரமுக்குப் பெருமை வேண்டாம், எழுத்து வேண்டும். வேறு ஊரில் போய் எல் வாங்கிவந்தார். வியாழக்கிழமை ஏழாவது மேட்டில் வீசினார். பந்து கிளம்பியது, இடது பக்கம் வளைந்தது, சுவரைத் தாண்டியது, ஒரு கேரவனின் திறந்த ஜன்னல் வழியே புகுந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிப் பாத்திரத்துக்குள் நேராக விழுந்தது. யாருக்கும் காயமில்லை. அந்த வீட்டு அம்மாள் பந்தைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு சுவரோரம் வந்து எங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். கிளாஸ்கோ பேச்சுவழக்கில் இருந்ததால் அவற்றைக் குறிப்பில் ஏற்றவில்லை.

அடுத்த பத்து நாளில் இன்னும் பதினோரு பந்துகள் சுவர் தாண்டின. மெல்ட்ரமைப் போலவே வேறு ஊரில் எல் வாங்கிவந்த பதினோரு லெய்ர்டுகள். முகாம் உரிமையாளர் வக்கீல் மூலம் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதினார்: இவர்களுக்கு இந்தத் தண்டைச் சிபாரிசு செய்தது யார்? ஆவணம் இருந்தால் ஜூன் முதல் வாரத்துக்குள் காட்டவும்.

மே மாதக் கூட்டம். ரோனாவின் வேலை நிரந்தரம் பற்றிய விஷயமும் அன்றுதான் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பேசிவிட்டால் ஒரு தடவை டீ போட்டால் போதும் என்றார் பொருளாளர். அவர் விழித்திருந்து சொன்ன அபூர்வ யோசனை என்பதால் ஏற்றுக்கொண்டோம்.

"தப்பு யாருது?" என்றார் கேப்டன்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்," என்றார் ரோனா.

"சொன்ன," என்றார் மெல்ட்ரம். "இல்லைங்கல. ஆனா இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல? நான் கேக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் மெதுவா சொன்னா, அது யார் தப்பு?"

ரோனா மேசைக்கு முன்னால் வந்தார். நீலப் பதிவேட்டை மேசையில் வைத்துத் திறந்தார். "இதுலயே இருக்கு. யாருக்கு என்ன வேகம், எந்தத் தண்டு சொன்னேன், யார் கேட்டாங்க, யார் கேக்கல. இத அப்படியே வக்கீலுக்கு அனுப்பிட்டா போதும். கிளப் மேல ஒரு பேச்சு வராது."

அற்புதமான யோசனை. பிரச்சினை அந்த நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். கேப்டன் பதிவேட்டைப் புரட்டினார். முதல் பக்கம், முதல் வரி. பிட்கெய்த்லி, எழுபத்தொன்று. அதற்குக் கீழே, மெல்ட்ரம் ஒருவர் நீங்கலாக, எங்கள் ஊரின் மொத்த ஆண்மையும் இரண்டிலக்க எண்களாக வரிசையில் நின்றது. பாதிரியார் எட்டிப் பார்த்துத் தன் எண்ணைக் கண்டார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அது எங்கள் சபை வழக்கமே இல்லை.

"இது வெளிய போகுமா?" என்றார் கேப்டன்.

"போனாத்தாங்க கிளப் தப்பிக்கும்."

கேப்டன் குரலைத் தேனாக்கிக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளியிடம் பேசுகிற குரல். "சின்ன விஷயம்மா. இந்த ஏழுக்கு ஒரு சுழி போட்டா ஒம்போது ஆயிடும். தொண்ணூத்தொண்ணு. யாருக்கு நஷ்டம்? மத்தவங்களதும் அங்கங்க ஒண்ணு ரெண்டு சுழி. நீ போட்டுக் கொடு, இன்னிக்கே உன் வேலைய நிரந்தரமாக்கிடறோம்."

"எழுத்துக்கு என்ன பேர் வேணா வைங்க, கேப்டன். நான் குறுக்க நிக்கல. எண்ண மாத்த முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

"நாளைக்கே இந்தப் பக்கத்தப் பாத்து வேற யாராவது உங்களுக்குத் தொண்ணூத்தொண்ணுக்கு உள்ள தண்ட மாட்டுவாங்க. பந்து ஓடைல விழும். அப்புறம் அந்தக் கஞ்சிப் பாத்திரம், அது பக்கத்துல ஒரு கொழந்தை நின்னுட்டிருந்தா? என் எண்ண நம்பித்தானேங்க ஆளுங்க வீசுறாங்க?"

"கொஞ்சம் வளைஞ்சு கொடும்மா," என்றார் பாதிரியார் பரிவோடு.

"வளையிறது தண்டோட வேலைங்க, ஐயா."

கையில் இருந்த கோப்பைகள் எல்லாம் மேசையில் இறங்கின. அப்போதுதான் ஜெஸ்மா ஃபால்கனர், பார்வையாளருக்குப் பேச உரிமை இல்லை என்ற விதியை மீறி, பேசினார். ஊசியால் என்னைச் சுட்டினார்.

"கில்லிஸ், அன்னிக்கு நீ கொட்டகைல இருந்தல்ல? மெஷின்ல என்ன வந்துச்சு? நீ சொல்லு. உன் ஒரு வார்த்தை போதும். இந்தப் பொண்ணு சொல்றது உண்மைன்னு நீ சொல்லிட்டா, இவங்க யாரும் அவ மேல கை வைக்க முடியாது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரோனாவும் பார்த்தார். அவர் முகத்தில் கவலையே இல்லை. நான் அங்கே இருந்தேன், எண்ணைப் பார்த்தேன், நான் சொல்லிவிடுவேன். அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறார். கேப்டனும் பார்த்தார். செயலாளர் பதவியை வருடா வருடம் கேப்டன்தான் நியமிக்கிறார் என்ற நடைமுறை விதி எனக்கு ஞாபகம் வந்தது. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அன்னிக்கு நான் கண்ணாடி போட்டுட்டுப் போகல," என்றேன்.

ஜெஸ்மா நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். எழுபத்தெட்டு வயதில் கதவை அவ்வளவு பலமாகச் சாத்த முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியது: 'பயிற்சியாளர் செல்வி டல்கிலீஷின் தொழில்திறன் குறித்துக் குழுவுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும் உறுப்பினர்களின் தேவைக்கேற்ப வளைந்து கொடுக்கும் தன்மை அவரிடம் போதிய அளவு இல்லாமையால், பணி நீட்டிக்கப்படவில்லை. மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்யவும். பதிவேடு கிளப்பின் சொத்து.'

"ஆமோதிக்கிறேன்," என்றார் பொருளாளர். ஆதரவாக ஐந்து கைகள் உயர்ந்தன. எண்ணியவன் நான்; ஐந்தாவது கையை எண்ணும்போது மட்டும் கொஞ்சம் தடுமாற்றமாக இருந்தது, அது என்னோடே ஒட்டிக்கொண்டிருந்ததால்.

மாதக் கடைசி நாள் காலையில் நான் அலுவலக அறையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வக்கீலுக்கு மறுநாள் அனுப்ப வேண்டும். இதில் எந்தத் தவறும் இல்லை. கிளப்பின் ஆவணங்களைச் 'சீராக்குவது' செயலாளரின் பொறுப்பு என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. பத்தொன்பது வருடக் கையெழுத்து என்னுடையது. ஏழின் தலையில் பேனா சுழன்று இறங்கியதும் அசல் ஒன்பது வந்துவிட்டது. மை நிறம்கூட ஒத்துப்போயிற்று. கேப்டனை முடித்துவிட்டுப் பாதிரியாருக்கு வந்தபோது, வாசலில் நிழல் தட்டியது.

ரோனா நின்றிருந்தார். ஒரு கையில் வீட்டுச் சாவி, இன்னொரு கையில் மடித்த திரைச்சீலைகள். சாவியை மேசையில் வைத்தார். பக்கத்தைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் விதிப்புத்தகத்தைக் காட்டியிருப்பேன். ஏதாவது பேசியாக வேண்டும் என்று, வாயில் வந்ததைக் கேட்டு வைத்தேன்.

"நீங்க எல்லாருக்கும் பாத்துட்டீங்க, எனக்கு மட்டும் பாக்கவே இல்லையே? போறதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு தண்டு சொல்லிட்டுப் போங்களேன். எந்த எழுத்து சரியா இருக்கும்?"

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை, வேலையில் அளப்பாரே, அதே நிதானத்தோடு ஒரு தடவை பார்த்தார்.

"உங்களுக்கு எழுத்தே இல்லைங்க, மிஸ்டர் கில்லிஸ்," என்றார். "அவ்வளவு வளையிற தண்ட இன்னும் எந்தக் கம்பெனியும் செய்யல."